ஆட்டமா, பாட்டா? லிவர்பூல் ரசிகர்களை வைத்து ஒரு கணக்கு

2005 மே மாதம். சென்னையில் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீடு. நம் நேரப்படி நள்ளிரவு 12.15-க்கு இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் தொடங்கியது. ஏசி மிலானுக்கு எதிராக லிவர்பூல். முதல் நிமிடத்திலேயே மிலான் கோல் அடித்தது. இடைவேளைக்குள் இன்னும் இரண்டு. 3-0. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காலையில் ஒரு ரிலீஸ் வேறு இருந்தது. டிவியை அணைத்துவிட்டுப் படுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லிவர்பூல் ரசிகர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர், ஒரே குரலில், நிதானமாக.

பக்கத்தில் பாதித் தூக்கத்தில் இருந்த என் ரூம்மேட்டுக்குக் கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. இளையராஜாதான் அவனுக்கு உலகம். அவன் எழுந்து உட்கார்ந்து, "என்னடா இது, மூணு கோல் வாங்கிட்டு உக்காந்து பாடிட்டு இருக்கானுங்க?" என்றான். பிறகு நடந்ததைக் கால்பந்து பார்க்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டாம் பாதியில் ஆறு நிமிடத்துக்குள் மூன்று கோல்கள், 3-3, பெனால்டியில் லிவர்பூல் வெற்றி. விடிகாலையில் அவன் தீர்ப்பு சொன்னான்: "பாத்தியா, ஆட்டத்தைவிட பாட்டுதான் பெருசு." நான் விடவில்லை. "ஆட்டம் இல்லேன்னா அவனுங்க எதுக்குடா பாடப்போறானுங்க?" என்றேன்.

அந்த வாதம் முடியவே இல்லை. தீவிர ரசிகன் ஒருவனுக்கு இசை முக்கியமா, கால்பந்து முக்கியமா? டீக்கடைக் கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இதைப் பற்றி உருப்படியான ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சேர்த்துவைத்ததன் சாரம்தான் இந்தக் குறிப்பு. சோதனைக்கூடமாக லிவர்பூலையே எடுத்துக்கொள்கிறேன். சுமார் 5 லட்சம் மக்கள் உள்ள நகரம். பீட்டில்ஸ் பிறந்த ஊர். ஒரு பூங்காவின் இரு கரையிலும் லிவர்பூல், எவர்ட்டன் என்று இரண்டு பெரிய கிளப்புகள் நூறாண்டுக்கும் மேலாக எதிரெதிரே இருந்த ஊர். இரண்டு பைத்தியமும் ஒரே இடத்தில் முற்றிப்போனதை வேறெங்கே போய்ப் பார்ப்பது?

முதலில், 'முக்கியம்' என்றால் என்ன?

எங்கள் தொழிலில் தேவை தெளிவாக இல்லாவிட்டால் கோட் எழுத ஆரம்பிக்கக்கூடாது என்பார்கள். இங்கேயும் அதேதான். 'முக்கியம்' என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, எது அதிக சந்தோஷம் தருகிறது? இரண்டு, எதில் தோற்றால் அல்லது எதை இழந்தால் அதிகம் வலிக்கிறது? மூன்று, வாழ்க்கையில் நிஜமான இடி விழும்போது ரசிகன் எதைப் பிடித்துக்கொள்கிறான்? மூன்றுக்கும் ஒரே விடை வரும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். வரவில்லை.

சந்தோஷக் கணக்கு

பிரிட்டனில் 'மேப்பினஸ்' என்று ஒரு ஐஃபோன் செயலி இருந்தது. ஜார்ஜ் மெக்கெரன் என்ற பொருளாதார ஆய்வாளர் உருவாக்கியது. நாளில் ஏதோ ஒரு நேரத்தில் திடீரென்று ஃபோன் சிணுங்கும். இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள், யாருடன் இருக்கிறீர்கள் என்று கேட்கும். எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதை ஜிபிஎஸ் மூலம் தானே குறித்துக்கொள்ளும். வருஷக் கடைசியில் "போன வருஷம் எப்படி இருந்தது?" என்று கேட்கும் சர்வே இல்லை இது. அந்தக் கணத்திலேயே அளக்கிறது. அதனால்தான் இந்தத் தரவு எனக்குப் பிடித்தது.

2018-இல் பீட்டர் டோல்டனும் மெக்கெரனும் இதில் சுமார் 32,000 பேர் தந்த ஏறக்குறைய 30 லட்சம் பதில்களை எடுத்து, கால்பந்து ஆட்டங்களின் நேரத்தோடும் இடத்தோடும் பொருத்திப் பார்த்தார்கள். தன் அணி ஜெயித்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் ரசிகனின் சந்தோஷம் நூற்றுக்குச் சராசரியாக 3.9 புள்ளி ஏறியது.

இது அதிகமா, குறைவா? அதே தரவை வைத்து வந்த இன்னொரு ஆய்வில், எந்தச் செயல் எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 'பாட்டுக் கேட்பது' 3.5-ஐ ஒட்டி வருகிறது. அதாவது உங்கள் அணி ஜெயித்து நீங்கள் துள்ளிக் குதிக்கிற அந்த ஒரு மணி நேரமும், பஸ்ஸில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்பதும் சராசரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான்! முதலில் படித்தபோது ஏதோ தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். கச்சேரி, நாடகம் போன்றவற்றுக்குப் போவது மிக மேலே, இரண்டாவது இடத்தில் இருக்கிறது. விளையாட்டுப் போட்டி பார்க்கப்போவது அதில் பாதிக்கும் குறைவு. மற்றது, பாட்டுக் கேட்பதைவிடப் பாடுவது, நிகழ்த்துவது ஏறக்குறைய இரண்டு மடங்கு சந்தோஷம் தருகிறது. இந்த இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். 2011-இல் மான்ட்ரியாலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாட்டுக் கேட்டு மயிர்க்கூச்செறியும் பழக்கம் உள்ளவர்களை ஸ்கேன் செய்தார்கள். உச்சக் கணத்தில் டோபமைன் சுரந்தது. அந்தக் கணம் வரப்போகிறது என்று எதிர்பார்த்திருந்த விநாடிகளிலும், மூளையின் வேறொரு பகுதியில் சுரந்தது. தெரிந்த பாட்டில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்துக்காகக் காத்திருப்போமே, அந்தக் காத்திருப்பும் ஒரு இன்பம்தான்.

இசைக்கும் ஆட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இங்கேதான். பாட்டில் எதிர்பார்த்தது வந்தே தீரும். ஆயிரம் தடவை கேட்டாலும் பல்லவி வராமல் போகாது. ஆட்டத்தில் கோல் வராமலே போகலாம்.

முதல் கேள்வியில் இசைக்கு வெற்றி. என் ரூம்மேட் சந்தோஷப்பட்டிருப்பான்.

வலிக் கணக்கு

மேப்பினஸ் ஆய்வின் மறுபாதி இது. அணி தோற்றால் அடுத்த ஒரு மணி நேரத்தில் சந்தோஷம் 7.8 புள்ளி இறங்குகிறது. ஜெயித்தால் ஏறுவதைப்போல் இரண்டு மடங்கு. தோல்வியின் கசப்பு நீடிக்கிற நேரமும் அதிகம். மைதானத்துக்கே போய்ப் பார்த்தவர்களுக்கு எல்லாமே இன்னும் கூடுதல்.

கூட்டிக்கழித்துப் பார்த்தால் கால்பந்து ரசிகன் ஒரு நஷ்ட வியாபாரி. பாதி ஜெயித்துப் பாதி தோற்கும் அணியின் ரசிகன் சீசன் முடிவில் கையைச் சுட்டுக்கொண்டுதான் நிற்பான். ஆனாலும் அடுத்த சீசனுக்கு டிக்கெட் வாங்குகிறான். ஏன்?

உடம்பும் இதில் சேர்ந்தேதான் துடிக்கிறது. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் பகுதி டாக்டர்கள் இதய அவசர நோயாளிகளை எண்ணினார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் மற்ற நாட்களைப்போல் 2.66 மடங்கு பேர் வந்தார்கள். ஆண்களில் இது மூன்று மடங்கைத் தாண்டியது. கச்சேரி நாளில் இப்படி எண்ணிக்கை எகிறியதாக நான் எங்கும் படித்ததில்லை.

காரணம் தேடினால், இசை ரசிகனுக்குத் தோல்வி என்று ஒன்று இல்லை. பிடித்த இசைக்குழு மோசமான ஆல்பம் போட்டால் பழையதைக் கேட்டுக்கொள்ளலாம். 1970-இல் பீட்டில்ஸ் பிரிந்தார்கள். ஆனால் அதற்கு முந்தின நாள் வரை வந்த இசைத்தட்டுகளை யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ஆட்டம் அப்படியில்லை. நேற்றைய வெற்றி இன்றைய தோல்விக்கு ஈடாகாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கு பூஜ்யத்தில் இருந்து.

இசை ரசிகர்களுக்கு இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். யோகோ ஓனோ கேட்டுக்கொண்டபடி டிசம்பர் 14 அன்று உலகெங்கும் பத்து நிமிட மௌனம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் லட்சத்துக்கும் மேல் கூடினார்கள். லிவர்பூலில் செயின்ட் ஜார்ஜ் ஹால் முன்னால் சுமார் 30,000 பேர். அதுவரை அவர்களில் பெரும்பாலோர் தத்தம் வீட்டில் தனித்தனியாகப் பாட்டுக் கேட்டவர்கள். 'நாம்' என்ற ஒரு கூட்டம் இருப்பது அவர்களுக்கு அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கால்பந்து ரசிகனோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கூட்டத்தை நேரில் பார்க்கிறவன்.

"நாம ஜெயிச்சுட்டோம், அவனுங்க தோத்துட்டானுங்க"

அந்த 'நாம்' பற்றி ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. அமெரிக்கக் கல்லூரிகளில் அமெரிக்க வகைக் கால்பந்தை வைத்துச் செய்தது. சனிக்கிழமை கல்லூரி அணி ஜெயித்திருந்தால் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் வகுப்பறையில் கூடுதலாகத் தென்பட்டன. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வெற்றியைச் சொல்லும்போது 'நாங்கள்' என்ற சொல் அதிகம் வந்தது. தோல்வி என்றால் 'அவர்கள்'. நம் ஊர் கிரிக்கெட்டிலும் தினமும் கேட்கிற இலக்கணம்தானே?

ஆனால் இது மேலோட்டமான ரசிகனின் இலக்கணம். பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியபடி தீவிர ரசிகனுக்கு இந்த வசதி கிடையாது. தோற்றாலும் அவன் 'நாங்கள்' என்றுதான் சொல்கிறான். விலக முடியாது என்பதுதான் தீவிரம்.

லிவர்பூலில் இந்த 'நாங்கள்' எப்படி வந்தது என்பது வேடிக்கையான கதை. ஆன்ஃபீல்ட் மைதானத்தில் முதலில் ஆடியது எவர்ட்டன்தான். மைதானச் சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகைத் தகராறு. 1892-இல் எவர்ட்டன் பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க்குக்குப் போய்விட்டது. காலியான மைதானத்தை என்ன செய்வது என்று ஹோல்டிங் ஆரம்பித்த அணிதான் லிவர்பூல். ஒரு வாடகைச் சண்டையில் பிறந்த பிரிவு, நாலைந்து தலைமுறையாகக் குடும்பங்களுக்குள் ஓடுகிறது. பாட்டை நாமே பதினைந்து பதினாறு வயதில் தேர்ந்தெடுக்கிறோம். கிளப் அப்படியில்லை. அப்பா கைபிடித்து அழைத்துப்போன இடம் அது.

இரண்டாவது கேள்வியில் கால்பந்துக்கு வெற்றி. ரொம்பப் பெரிய வித்தியாசத்தில். 1-1.

பாட்டு மைதானத்துக்குள் வந்த கதை

ஆன்ஃபீல்டில் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்கு 'கோப்' என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் 1900-இல் ஸ்பியான் கோப் குன்றில் நடந்த போரில் லங்காஷயர் பகுதிச் சிப்பாய்கள் ஏராளமாக இறந்ததன் நினைவாக வைத்த பெயர். (அங்கே காயம்பட்டவர்களைச் சுமந்த இந்தியர் படையில் காந்தியும் இருந்தார் என்பது நமக்குக் கூடுதல் செய்தி.) அந்தக் காலத்தில் நாற்காலி கிடையாது. சுமார் 28,000 பேர் நெருக்கியடித்து நிற்பார்கள்.

1964 ஏப்ரல் 18 அன்று லிவர்பூல் 5-0 என்று ஆர்சனலை வென்று லீக் பட்டத்தைப் பிடித்தது. அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி கேமராவை ஆட்டத்தின் பக்கம் திருப்பாமல் கோப் பக்கம் திருப்பியது. கோட்டும் டையும் போட்ட துறைமுகத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் ஒருவரோடு ஒருவர் ஒட்டி அலைபோல் ஆடிக்கொண்டு பீட்டில்ஸ் பாடல்களையும் சில்லா பிளாக் பாடலையும் முழுதாகப் பாடுகிறார்கள். செய்தியாளர், தூரத்துத் தீவு ஒன்றின் பழங்குடியைக் கண்டுபிடித்த மானிடவியலாளர் மாதிரி வியந்து விவரிக்கிறார். அந்தப் படம் இணையத்தில் கிடைக்கிறது. கட்டாயம் பாருங்கள்.

அந்தப் பாடல்களில் நிலைத்துப்போனது ஒன்று, 'யூல் நெவர் வாக் அலோன்'. இது கால்பந்துக்காக எழுதியதே இல்லை. ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் 1945-இல் 'கரோசல்' என்ற அமெரிக்க இசை நாடகத்துக்கு எழுதியது. நாடகத்தில், கணவனைச் சாகக் கொடுத்த ஒரு பெண்ணைத் தேற்றுவதற்காகப் பாடப்படுகிறது. 1963-இல் லிவர்பூல் இசைக்குழுவான ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் அதை இசைத்தட்டாக வெளியிட்டு நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தார்கள். அப்போது ஆன்ஃபீல்டில் ஆட்டம் தொடங்குமுன் அந்த வாரத்தின் முதல் பத்துப் பாடல்களை ஒலிபெருக்கியில் போடுவது வழக்கம். இந்தப் பாட்டு பட்டியலில் இருந்து இறங்கிய பிறகும், எங்கே எங்கள் பாட்டு என்று கூட்டம் கேட்டதாகச் சொல்வார்கள். இன்று கிளப்பின் சின்னத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. செல்டிக், டோர்ட்முண்ட் ரசிகர்களும் இதைப் பாடுகிறார்கள்.

கூட்டமாகப் பாடினால் என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு ஆய்வு உண்டு. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் புதிதாகத் தொடங்கிய மாலை வகுப்புகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில பாட்டு வகுப்பு, சில கைவினை, எழுத்து வகுப்பு. ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது. ஆனால் பாட்டு வகுப்பில் மிகச் சீக்கிரமே வந்தது. முன்பின் தெரியாதவர்களை வேகமாக ஒட்டவைக்கும் பசை, சேர்ந்து பாடுவது. கேட்பதைவிடப் பாடுவது இரண்டு மடங்கு சந்தோஷம் என்று மேலே பார்த்தோம் இல்லையா? 28,000 பேர் ஒரே நேரத்தில் அதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இனி மூன்றாவது கேள்வி. இது கொஞ்சம் கனமானது.

1989 ஏப்ரல் 15

லிவர்பூலின் புகழ்பெற்ற மேலாளர் பில் ஷாங்க்லி, கால்பந்து உயிர் பிரச்சினையைவிடப் பெரியது என்ற பொருளில் சொன்ன ஒரு வாசகம் உலகப் பிரசித்தம். டி-ஷர்ட்டில் எல்லாம் அச்சடித்தார்கள். ஷாங்க்லி 1981-இல் இறந்தார். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசகத்தைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாமல் போனது.

ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்ஏ கோப்பை அரையிறுதி. லிவர்பூலும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டும். வாசலில் நெரிசல் கூடியதும் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறக்க உத்தரவிட்டது. உள்ளே வந்த கூட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதிக் கம்பி அடைப்புகளுக்குள் நேராகப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. ஆனால் திருப்பிவிட ஆள் இல்லை. முன்னால் கம்பி வேலி. 3 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் 3.06-க்கு நிறுத்தப்பட்டது. அன்றைய நெரிசலால் இறந்தவர்கள் 97 பேர். அதில் 97-ஆவது ஆள், பட்ட காயத்தோடு 32 வருஷம் வாழ்ந்து 2021-இல் இறந்தவர். மிகச் சிறியவனுக்கு வயது 10.

நாலாம் நாள் 'த சன்' நாளிதழ், போலீஸ் தரப்புச் சொன்ன பொய்களை 'உண்மை' என்ற பெரிய தலைப்போடு முதல் பக்கத்தில் போட்டது. குடித்த ரசிகர்கள்தான் காரணம், செத்தவர்களிடம் திருடினார்கள் என்றெல்லாம். லிவர்பூல் நகரத்தில் இன்றுவரை அந்தப் பேப்பரைக் காசு கொடுத்து வாங்குவது அவமானம். எவர்ட்டன் ரசிகர்களும் தொடமாட்டார்கள்.

அந்த நாட்களில் இந்த ரசிகர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள்? ஆன்ஃபீல்ட் புல்தரையில் கோப் பக்கம் பூக்கள் குவிந்தன. குடிசனில் இருந்து ஆன்ஃபீல்ட் வரை பூங்காவின் குறுக்கே நீலமும் சிவப்புமாகக் கழுத்துத் துணிகளை முடிச்சுப் போட்டுக் கோத்தார்கள். எங்கே பார்த்தாலும் அந்தப் பாட்டு. விபத்து நடந்த நாலாம் நாள் மிலானில் ஏசி மிலானும் ரியல் மாட்ரிடும் ஆடினார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி மௌனம் அனுசரிக்கச் சொன்னார். மௌனத்தின் நடுவே மிலான் ரசிகர்கள் லிவர்பூல் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். வேறு நாடு, வேறு மொழி. துக்கம் சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே வழி அதுதான்.

16 வருஷம் கழித்து இஸ்தான்புல்லில் 3-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது இவர்கள் ஏன் பாடினார்கள் என்பது எனக்கு இதைப் படித்தபோதுதான் புரிந்தது. அது வெற்றிப் பாட்டே இல்லை. கஷ்டத்தில் நிற்கிறவனுக்காக எழுதின பாட்டு. அவர்கள் அதைவிட எவ்வளவோ பெரிய இழப்பின்போது அதைப் பாடியிருக்கிறார்கள். மூணு கோல் எம்மாத்திரம்?

இதற்கு மேலும் கதை உண்டு. 1991 விசாரணை, 'விபத்து மரணம்' என்று முடித்துவிட்டது. குடும்பங்கள் விடவில்லை. 2009-இல் இருபதாம் ஆண்டு நினைவுநாளில் ஆன்ஃபீல்டில் அமைச்சர் ஆண்டி பர்னம் பேச எழுந்தார். அவர் எவர்ட்டன் ரசிகர். கோப்பில் இருந்து ஒரு குரல் எழும்பி மைதானம் முழுக்க நீதி கேட்கும் முழக்கமாக மாறியது. வழக்கமாகக் கோலுக்காக எழுகிற அதே தொண்டை, அதே தாளம். அவர் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார். அதற்குப் பிறகு அமைந்த தனிக் குழு 2012-இல், போலீஸ்காரர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததை வெளியே கொண்டுவந்தது. பழைய தீர்ப்பு ரத்தானது. 2016 ஏப்ரல் 26 அன்று ஜூரி, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள் மீது தவறில்லை என்றும் சொன்னது. 27 வருஷம். நீதிமன்றத்துக்கு வெளியே வந்த குடும்பங்கள் கைகோத்து நின்று அந்தப் பாட்டைப் பாடின. அந்தச் சாவுகளுக்காக ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு என்ன விடை? அவர்கள் பிடித்துக்கொண்டது பாட்டை. ஆனால் அந்தப் பாட்டை அவர்களுடையதாக ஆக்கியது மைதானம். 1963-இல் முதலிடத்துக்கு வந்த மற்றப் பாடல்களை யாரும் நீதிமன்ற வாசலில் பாடவில்லை.

கழற்றிப் பார்த்தல்

ஒரு சிஸ்டத்தில் எது முக்கியம் என்று தெரியவில்லையா? ஒவ்வொரு பாகமாகக் கழற்றிவிட்டு எது உடைகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். ரசிகர்களை வைத்து அப்படி ஒரு சோதனை செய்ய முடியாது என்று நினைத்திருந்தேன். கொரோனா செய்துவிட்டது.

2020 மார்ச்சில் இங்கிலாந்தில் ஆட்டங்கள் நின்றன. ஜூனில் மறுபடி தொடங்கியபோது கூட்டம் இல்லை. அதே வீரர்கள், அதே விதிகள், அதே புள்ளிகள். ஆட்டத்தில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் டிவியில் பார்க்கச் சகிக்காது என்பதால், பதிவு செய்த கூட்டச் சத்தத்தைச் சேர்த்தார்கள். அந்தச் சத்தத்தை வீடியோ கேமில் இருந்து எடுத்தார்கள்! நிஜ ஆட்டத்துக்கு கேமின் ஒலி. எவ்வளவு காசைக் கொட்டி நடத்தும் ஆட்டமானாலும் பாட்டும் கூச்சலும் இல்லாமல் ஆட்டமாகத் தோன்றாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுபக்கம், கூட்டமும் ஆட்டமும் இல்லாத அந்த மார்ச் மாதத்தில் அந்தப் பாட்டு தனியாகவே நடமாடியது. மார்ச் 20 காலை ஐரோப்பாவின் நூற்றுக்கும் மேற்பட்ட வானொலிகள் ஒரே நேரத்தில் அதை ஒலிபரப்பின. ஆட்டம் இல்லாமலும் அதற்கு வேலை இருந்தது.

அந்த ஜூன் 25 அன்று, 30 வருஷக் காத்திருப்புக்குப் பிறகு லிவர்பூல் லீக் பட்டத்தை வென்றது. ஜூலையில் ஆளே இல்லாத கோப்பில் மேடை கட்டிக் கோப்பையைத் தூக்கினார்கள். பட்டம் உறுதியான ராத்திரி, வரக்கூடாது என்று சொல்லியும் ஆயிரக்கணக்கானோர் பூட்டிய மைதானத்துக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே ஆட்டமும் இல்லை, கச்சேரியும் இல்லை. அவர்கள் வந்தது மற்றவர்களைப் பார்க்க.

என் விடை

மூன்று கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். சந்தோஷம் மட்டும்தான் அளவுகோல் என்றால் கால்பந்தை விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கப் போய்விடலாம். நஷ்டமே இல்லாத தொழில். ஆனால் தீவிர ரசிகன் ஒருவனுக்கு எது முக்கியம் என்பதை அவன் எதற்காக வலியைத் தாங்குகிறான் என்பதை வைத்துத்தான் சொல்லமுடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் கால்பந்துதான். தோற்கக்கூடியது என்பதால்தான், சேர்ந்து தோற்க இன்னும் சில ஆயிரம் பேர் தேவைப்படுகிறார்கள். சேர்ந்து தோற்றவர்கள்தான் 'நாங்கள்' ஆகிறார்கள்.

ஆனால் அப்படி ஆனவர்களுக்குத் தங்களை அடையாளம் காட்டவும், அழவும், 27 வருஷம் களைத்துப்போகாமல் நிற்கவும் ஒரு குரல் வேண்டியிருக்கிறது. ஆட்டத்தால் அதைத் தரமுடியாது. 90 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டை வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம். எனவே 'இரண்டில் எது' என்ற என் பழைய கேள்வியில்தான் பிழை. அது ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கக்கூடிய ஜோடி இல்லை.

போன மாதம் அந்தப் பழைய ரூம்மேட்டைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "எனக்கு அன்னிக்கு யார் ஜெயிச்சான்னுகூட ஞாபகம் இல்லடா. அவனுங்க பாடினது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றான். எனக்கு நேர்மாறு. அந்த மூன்று கோலும் எந்தெந்த நிமிடத்தில் விழுந்தன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: 54, 56, 60.

ஒன்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அன்று அவர்கள் பாடியிருக்காவிட்டால், நான் இடைவேளையிலேயே டிவியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பேன்.